கலைவகைப் பெயர்களின் பயன்: பினாங்குப் பங்சவான் நாடக வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு கதையையோ நாடகத்தையோ விளையாட்டையோ இன்ன வகையைச் சார்ந்தது எனப் பெயரிட்டு அழைப்பதால் விளையும் பயன் யாது? இவ்வினா இன்று அறிவியல் புனைகதைகளையும் கணினி விளையாட்டுகளையும் ஒட்டியே பெரிதும் எழுப்பப்படுகிறது. 'சைபர்பங்க்' என்னும் பெயரும் அதன் வழிப்பிறந்த 'ஸ்டீம்பங்க்' முதலிய கிளைப்பெயர்களும் வாசகர்க்கு வழிகாட்டுவனவா, அன்றி வெறும் விற்பனை முத்திரைகளா என்பதே வாதம். ஆயின் இவ்வினா நமக்குப் புதியதன்று. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனைத் தன் நாடக மேடையில் எதிர்கொண்டது. அவ்வரலாற்றின் துணைகொண்டு வகைப்பெயர்களின் பயனையும் வரம்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் வகைப்பெயர்

வகைப்படுத்தல் தமிழர்க்குப் பழக்கமான ஒன்று. பாட்டியல் நூல்கள் சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் வகுத்தன. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) தொண்ணூற்றாறு பிரபந்தங்களைப் பட்டியலிடுகிறது. உலா என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே, தலைவன் வீதியில் வருவான், ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு மயங்குவர் என்பதைக் கற்றோர் அறிவர். பரணி என்றால் போர்க்களமும் பேய்களும் காளியும் உண்டு என்பதை எதிர்பார்ப்பர். எனவே, வகைப்பெயர் என்பது புலவனுக்கும் கேட்போர்க்கும் இடையே அமைந்த ஓர் உடன்பாடு எனலாம்.

தொல்காப்பியம் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்புகளுள் 'விருந்து' என்பதும் ஒன்று. புதியனவாகப் புனையப்படுவனவற்றுக்கு வழங்கிய பெயர் அது. இதுவரை இல்லாத ஒன்று இனி வரக்கூடும் என்பதற்கும் இலக்கணத்தில் இடம் ஒதுக்கிய இம்மனப்பான்மை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

பினாங்கில் பங்சவான்

1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கிற்கு வந்தன. இந்துஸ்தானி மொழியில் பாட்டும் ஆட்டமும் வண்ணத் திரைகளும் கலந்து அவை நடத்திய நாடகங்களை உள்ளூர் மக்கள் 'வாயாங் பார்சி' என்றழைத்தனர். மொழி முழுதும் விளங்காவிடினும் கூட்டம் திரண்டது. பின்னர் உள்ளூர்க் கலைஞர் அதே முறையை மலாய்மொழியில் ஆடத் தொடங்கியபோது, தனிப்பெயர் இன்மையால் அது 'தீருவான் வாயாங் பார்சி', அதாவது பார்சி நாடகத்தின் போலி, என்றே சுட்டப்பட்டது. பிறந்த கலைக்குத் தன் பெயர் இல்லை; தாய்க்கலையின் நிழலே அதன் பெயராயிற்று.

1885ஆம் ஆண்டளவில் மாமாக் புஷி என்பார் பினாங்கில் நிறுவிய 'புஷி இந்திரா பங்சவான்' குழுவோடு இந்நிலை மாறியது. 'பங்சவான்' என்ற மலாய்ச்சொல் உயர்குடியினரைக் குறிக்கும். அரசரும் அரசியரும் தோன்றும் கதைகளுக்குப் பொருந்திய அப்பெயர் காலப்போக்கில் கலைவடிவம் முழுமைக்கும் உரியதாயிற்று. புஷி, யாவி பெரானாக்கான் சமூகத்தவராகக் குறிப்பிடப்படுகிறார். தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களும் மலாய்ப் பெண்டிரும் மணந்து உருவான சமூகம் அது. அவர் பெயரின் முன்னுள்ள 'மாமாக்' என்பது தமிழ் 'மாமா' என்னும் உறவுச்சொல்லின் திரிபு என்பர். தமிழ்ச் சுவடு தாங்கிய அடைமொழியும் இந்திரன் பெயரும் மலாய்ச்சொல்லும் ஒரே பலகையில் அமர்ந்திருந்தமை நோக்கத்தக்கது.

வகைப்பெயர் ஆற்றிய பணி

பங்சவானுக்குள்ளும் கிளைவகைகள் இருந்தன. மலாய்க் கதை, இந்துஸ்தானிக் கதை, அரபுக் கதை, சீனக் கதை, மேலைநாட்டுக் கதை என நாடகங்கள் வகை குறித்தே விளம்பரம் செய்யப்பட்டன. இதன் பயனை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அது பார்வையாளர்க்கு வழிகாட்டியது. பல மொழி பேசுவோர் வாழ்ந்த துறைமுக நகரில், இன்றிரவு எவ்வகை உடை, எவ்வகைப் பாட்டு, எவ்வகை முடிவு என்பதை ஒரு சொல்லால் உணர்த்த அது உதவியது.

இரண்டாவது, அது மேடைத்தொழிலை எளிதாக்கியது. அரண்மனை, தோட்டம், காடு, தெரு என வரையப்பட்ட திரைகள் குழுவிடம் ஆயத்தமாக இருக்கும். கதையின் வகை தெரிந்தால் எத்திரையை இறக்குவது, எவ்வாத்தியத்தை முன்னிறுத்துவது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. முழுமையாக எழுதப்பட்ட நாடகப் படிகளை நடிகர்கள் பெரும்பாலும் சார்ந்திருக்கவில்லை. கதைச்சுருக்கத்தைக் கேட்டுக்கொண்டு மேடையிலேயே உரையாடலை இயற்றினர். 'ஓராங் மூடா' எனும் நாயகனும், 'ஸ்ரீ பாங்கோங்' எனும் நாயகியும், நகைச்சுவையாளரும், பூதமும் தத்தம் பங்கினை அறிந்திருந்தனர். எழுத்துப்படி செய்யவேண்டிய வேலையை வகைப்பெயர் செய்தது. எனவே அதனை வெறும் விற்பனை முத்திரை என ஒதுக்குதல் பொருந்தாது.

பெயரின் பொருள் மாறியபோது

பங்சவான் தன் சிறப்புக்காலத்தில் புதுமைக்கலையாகவே மதிக்கப்பட்டது. காட்சிகளுக்கிடையே மேலைநாட்டு நடனமும் நகைச்சுவைத் துணுக்குகளும் இடம்பெற்றன. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' கூட மேடையேறியது. திரைப்படத்தின் வளர்ச்சியாலும் ஜப்பானியர் ஆட்சியாலும் (1941–1945) அது நலிந்தது. 1971ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டு மாநாட்டிற்குப் பின்னர் அரசு ஆதரவுடன் மீட்டெடுக்கப்பட்டபோது, அது 'மரபுவழி மலாய் நாடகம்' என்ற வகைக்குள் வைக்கப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தான் சூய் பெங், வெகுசனக் கலை மரபுக்கலையாக மாற்றப்பட்ட இப்போக்கினைத் தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார்.

இங்குத்தான் சிக்கல் எழுகின்றது. மலாய்மொழியில் வளர்ந்த அக்கலை மலாய்ப் பண்பாட்டின் உடைமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 'மரபு' எனும் அடை சேர்ந்தவுடன் பம்பாய்க் குழுவும் பினாங்கின் யாவி பெரானாக்கான் முதலாளியும் பல இனப் பார்வையாளரும் கதையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். பெயர் ஒன்றே, அது எதிர்நோக்கி நின்றபோது கதவாயிருந்தது, பின்னோக்கி நின்றபோது வேலியாயிற்று. நம் முன்னோரின் பங்கு மறக்கப்படுவதற்குப் பகைமை தேவையில்லை, ஒரு வகைப்பெயரே போதும் என்பதை இது காட்டுகிறது.

இக்காலத்திற்கு ஒரு பார்வை

சைபர்பங்க் பெயரின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. புரூஸ் பெத்கி 1983இல் வெளியிட்ட சிறுகதையின் தலைப்பாக அச்சொல் தோன்றியது. வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) முதலிய படைப்புகளுக்கு விமரிசகர் அதனைச் சூட்டினர். 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் 'ஸ்டீம்பங்க்' என்ற சொல்லைப் பாதி வேடிக்கையாக முன்மொழிந்தார். 1988இல் சைபர்பங்க் என்ற பெயரிலேயே மேசை விளையாட்டு வெளிவந்தது. அதன் வழிவந்த கணினி விளையாட்டு 2020இல் வெளியானது. பங்சவான் நடிகர்க்குப் போன்றே, உடனுக்குடன் கதை புனையும் விளையாட்டாளர்க்கும் வகைப்பெயர் எழுதாப் பனுவலாக உதவுகிறது.

தமிழில் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டின் இந்தியாவைச் சர்வாதிகாரத்தின் கீழ் சித்திரித்தது. நம் வாசகர் அதனை விஞ்ஞானக் கதை என்றே அழைத்தனர். சைபர்பங்க் என்ற பெயரை அதன் அருகில் வைத்தால் கண்காணிப்பும் இயந்திர அறிவும் ஆகிய ஒற்றுமைகள் புலப்படும். கிப்சனிடம் அதிகாரம் பெருநிறுவனங்களின் கையிலும், சுஜாதாவிடம் ஆட்சியாளனின் பெயரிலும் குவிவதாகிய வேற்றுமையும் புலப்படும். ஒட்டிப் பார்ப்பதற்கன்றி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே அப்பெயர் நமக்கு வேண்டும்.

முடிவுரை

வகைப்பெயர் படைப்போர்க்குக் கருவி, சுவைப்போர்க்கு வழிகாட்டி, வரலாற்றாய்வாளர்க்கோ சான்று. ஒரு கலைக்கு யார், எப்போது, எதற்காகப் பெயரிட்டனர் என்று வினவாமல் அப்பெயரையே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் கலை வரலாற்றை எழுதப் புகும் தமிழ் மாணவர், பெயர்ப்பலகையைப் படிப்பதோடு நில்லாது அதன் பின்னே நின்றோரையும் தேடுதல் வேண்டும். தொல்காப்பியர் விருந்துக்கு இடம் வைத்ததைப் போல, நாமும் நம் வகைப்பாடுகளில் புதியவற்றிற்கும் கலந்தவற்றிற்கும் ஓர் இடத்தைத் திறந்தே வைப்போமாக.