எடுப்பு

'எடு' என்னும் வினையடியில் பிறந்த பெயர் எடுப்பு. எடுத்தல் என்பதற்கு உயர்த்துதல் என்றும் பொருள் உண்டு. புடவைக் கடையில் பச்சைக் கரையை விரலால் நீவிக்கொண்டே, "சிவப்புக்கு இந்தக் கரைதான் எடுப்பா இருக்கு" என்பார்கள். சுற்றியுள்ளதிலிருந்து ஒன்று மேலெழுந்து கண்ணில் படுவதுதான் எடுப்பு. ஆங்கிலத்தில் இதைக் கான்ட்ராஸ்ட் என்பார்கள்; அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு எதிரே நிற்றல் என்று பொருள். எனக்கு நம் சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் புடவைக் கணக்கு இணையப் பாடத்துக்கு ஒத்துவராது. அங்கே நிறம் வேறுபட்டால் போதாது, ஒளிர்வும் வேறுபட வேண்டும். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து மூழ்கிப்போகும். அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாத மாணவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாமல் போகலாம். இந்த ஒளிர்வு வேறுபாட்டை அளப்பது எடுப்பு விகிதம்; வெள்ளையில் கறுப்புக்கு அது 21:1. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் முழுச் சிவப்பு 4:1ஐத் தாண்டாது. 'முக்கியம்' என்று ஆசிரியர் அக்கறையோடு சிவப்பில் இட்ட வரிதான் தேறாமல் போகிறது! சிவப்பைக் கொஞ்சம் கருக்கி, எழுத்தைத் தடிப்பாக்கினால் அந்த வரி எடுப்பாகிவிடும்.