ராக்லாந்து ஐயரும் அன்றாட விசுவாசமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் பஸ்ஸில் போனால், ஆண்டாள் கோவில் கோபுரத்தைத் தாண்டியதும் மலை பின்னால் போய்விடும். கரிசல் பூமி தொடங்கும். ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் கூடாரம் அடித்துத் திரிந்தவர் ராக்லாந்து ஐயர். அந்நாளில் பாதிரிமாரை ‘ஐயர்’ என்றே மக்கள் அழைத்தார்கள்.

தாமஸ் கஜெத்தான் ராக்லாந்து 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். பிறகு சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலாளரானார். கடிதம், கணக்கு, கூட்டம் என்று என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான மேசை வேலைதான்.

1854-ல் அந்த மேசையை விட்டு இங்கே வந்தார். அப்போது இது திருநெல்வேலி ஜில்லாவின் வடபகுதி. (1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்தது, 1985-ல் விருதுநகர் மாவட்டமானது.) தெற்கே கிறிஸ்தவ ஊர்கள் பெருகியிருந்தன, வடக்கே மிகக் குறைவு. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இருவரும் உடன் இருந்தார்கள். பங்களா வாழ்க்கை இல்லை. காலையில் ஒரு கிராமம், உச்சி வெயிலில் கூடாரம், சாயங்காலம் இன்னொரு கிராமம். சில நாளில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். தென்பகுதிச் சபைகளின் தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து ஒரு மாதம் உடன் உழைத்துத் திரும்புவார்கள். செலவை அந்தச் சபை மக்களே காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

ஐயருக்கு நுரையீரல் நோய் இருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென்று இறந்தார். வயது 43. கண்ணால் கண்ட பலன் சொற்பம். ஆண்டறிக்கை தயாரிக்கும் குமாஸ்தாவிடம் அவர் கணக்கைக் கொடுத்தால், ‘முன்னேற்றம் போதாது’ என்றே குறிப்பு எழுதியிருப்பான்.

கணிதம் படித்த மனிதருக்கு அந்தக் கணக்கு தெரியாதா? ஆனால் அவர் பிடித்துக்கொண்டது வேறு கணக்கு: நிலத்தில் விழுந்து மடிகிற கோதுமை மணியைப் பற்றி யோவான் நற்செய்தி சொல்வது. விதைத்தவன் கையால்தான் அறுக்க வேண்டும் என்று அதில் இல்லை. சிவகாசி அருகே சாட்சியாபுரம் பின்னாளில் மிஷனின் மையமாக வளர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் வரலாற்றை 1922-ல் புத்தகமாக எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அந்த அம்மையாரே 1931-ல் கீழே விழுந்து, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த கத்தோலிக்கன். அவர்கள் இருவரும் வேறு சபை. பிரெஞ்சில் நான் படித்தவர் சகோதரர் லாரன்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றில் சமையற்காரராக இருந்தவர். அடுப்படி வேலைக்கும் ஆண்டவர் சந்நிதிக்கும் அவர் வேற்றுமை பாராட்டவில்லை. மூவரிடமும் நான் கண்டது ஒன்றே: அன்றைய வேலையைச் செபத்தோடு செய்தார்கள், பலனை ஆண்டவரிடம் விட்டார்கள்.

என் மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்த மூன்று ஆண்டுகள் இந்தப் பாடத்தை எனக்குப் பழக்கின. அவள் நடப்பாளா என்ற கேள்விக்கு ஒரு நாளும் நல்ல பதில் கிடைக்கவில்லை. காலையில் கஞ்சி, பத்து மணிக்கு மாத்திரை, சாயங்காலம் அவள் காதில் விழும்படி செபமாலை. இதுதான் அன்றாடம். அவள் நடக்காமலேயே போய்விட்டாள். ஆனால் அந்த ஆயிரம் நாட்களில் ஒன்றையும் வீண் என்று என்னால் எழுத முடியவில்லை.

விசுவாசம் என்றால் மலையைப் பெயர்ப்பது என்றே பலர் நினைக்கிறோம். கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊரில் மறுபடி அடிப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது.