ஓருடலும் பல உறுப்புகளும்: திருச்சபை பற்றிய விவிலிய உருவகம் ஒன்றன் வரலாறு

முன்னுரை

உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது உருவகம் என்பது தண்டியலங்காரம் தரும் விளக்கம். கிறித்தவ மறைநூல் நம்பிக்கையாளர் கூட்டத்தைப் பெரும்பாலும் இவ்வணியின் துணைகொண்டே பேசுகிறது. மந்தை, திராட்சைக்கொடி, கட்டடம், கோயில், மணமகள், உடல் எனப் படிமங்கள் பலவாக அமைந்துள்ளன. புதிய ஏற்பாட்டில் மட்டும் இத்தகைய படிமங்கள் 96 உள்ளன எனப் பால் மினியர் 1960இல் வெளியிட்ட தம் நூலில் கணக்கிட்டுள்ளார். இவற்றுள் உடல் என்னும் உருவகம் மாந்தரிடையே நிலவும் ஏற்றத்தாழ்வை நேர்நின்று தொடுவது. அவ்வுருவகம் தோன்றிய சூழலையும், ஐரோப்பாவில் அது அடைந்த மாற்றத்தையும், தமிழகத்தில் அது எதிர்கொண்ட சோதனையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படிமங்களின் வேர்

மந்தையும் திராட்சைத் தோட்டமும் மணமகளும் எபிரேய மரபிலிருந்து வந்தவை. எசாயா நூலின் 5ஆம் அதிகாரமும் 80ஆம் திருப்பாடலும் இசுரயேல் மக்களைத் திராட்சையாகக் காண்கின்றன. எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் அவர்களை மந்தையாகவும், ஓசேயா நூல் மனைவியாகவும் காட்டுகின்றன. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இவற்றை ஏற்றுக் கிறித்துவின் அடியாருக்கு உரியனவாக்கினர். பேதுருவின் முதல் திருமுகம் அடியாரை உயிருள்ள கற்கள் என்கிறது. அவர்களைக் கொண்டு எழும் வீட்டின் மூலைக்கல் கிறித்து.

மந்தை, திராட்சை, மணமகள் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் மக்களுக்கும் உள்ள உறவையே முதன்மையாகப் பேசுகின்றன. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு அவற்றில் பின்னணியிலேயே நிற்கிறது. மேய்ப்பன் படிமம் தமிழில் பதவிப் பெயராகவே நிலைபெற்றது. முல்லைத்திணை மக்களைக் குறித்த 'ஆயர்' என்னும் சொல் இன்று கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கிறது. உடல் உருவகமோ மக்களுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை மையமாக்குகிறது.

கொரிந்தில் நிகழ்ந்த திருப்பம்

சமூகத்தை உடலாகக் காண்பது பவுலின் புதுமை அன்று. கி.மு. 494இல் உரோமைப் பொதுமக்கள் நகரை விட்டு வெளியேறியபோது மெனேனியுசு அகரிப்பா அவர்களுக்கு ஒரு கதை கூறியதாக லிவி எழுதுகிறார். உழைக்காத வயிற்றின்மீது சினங்கொண்ட உறுப்புகள் தாமே நலிந்தன என்பது அக்கதை. மேலோரைச் சுமப்பது கீழோரின் கடமை என்பதே அதன் உட்பொருள். இருக்கு வேதத்தின் புருட சூக்தம் (10.90) முதற்புருடனின் வாய், தோள், தொடை, அடி ஆகியவற்றோடு நால்வருணத்தாரைப் பொருத்துகிறது. இரண்டிலும் உடல் என்பது படிநிலையை இயற்கையானதாகக் காட்டும் கருவியாக அமைந்துள்ளது.

கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் திருமுகம் இக்கருவியைத் திருப்பிப் பிடிக்கிறது. அதன் 11ஆம் அதிகாரம் ஒரு பூசலைச் சுட்டுகிறது. ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் சிலர் முந்தி உண்டு மயங்கினர், இல்லாதோர் பசித்திருந்தனர். இதனையடுத்து வரும் 12ஆம் அதிகாரத்திலேயே உடல் உருவகம் இடம்பெறுகிறது. யூதர், கிரேக்கர், அடிமை, உரிமைக்குடி என்னும் வேறுபாடின்றி யாவரும் ஒரே உடலாயினர் என்கிறார் பவுல். தலை காலை நோக்கி நீ தேவையில்லை எனக் கூற இயலாது. வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது. மதிப்புக் குறைந்ததாகக் கருதப்படும் உறுப்புக்கே மிகுந்த மதிப்பு அளிக்கப்படுகிறது. இங்குத் தலையும் உறுப்புகளுள் ஒன்றே என்பது கருதத்தக்கது. அதிகாரத்தின் முற்பகுதியில் உவமையாகத் தொடங்கிய கருத்து, 27ஆம் வசனத்தில் நீங்களே கிறித்துவின் உடல் என உருவகமாக முடிகிறது.

இத்தகைய திருப்பம் தமிழ் மரபுக்கும் அயலானது அன்று. புறநானூற்றின் 186ஆம் பாடலில் மோசிகீரனார் மன்னனை உலகின் உயிர் என்றார். கம்பரோ உலகை உயிராகவும் அதனைத் தாங்கும் உடலாக மன்னனையும் மாற்றியமைத்தார். படிமம் ஒன்றாக இருப்பினும் இடமாற்றம் பொருளைப் புரட்டிவிடுகிறது.

தலையின் இடமாற்றம்

கொலோசையர், எபேசியர் திருமுகங்களில் உருவகம் மாறுகிறது. கிறித்து தலை, சபை அவரது உடல் எனத் தலை தனித்து உயர்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் இம்மாற்றம் ஆட்சிக் கோட்பாடாக வளர்ந்தது. திருத்தந்தை எட்டாம் போனிபாசு 1302இல் வெளியிட்ட ஆணை, ஒரே உடலுக்கு ஒரே தலை என வாதிட்டுக் கிறித்துவின் பதிலாளராகிய பேதுருவின் வழிவந்தோரையும் அத்தலைமையோடு இணைத்தது. 'மறைபொருளான உடல்' என்னும் இலத்தீன் தொடர் முதலில் நற்கருணை அப்பத்தைக் குறித்துப் பின்னர்த் திருச்சபையைக் குறிக்கலாயிற்று என்பதை ஆன்றி தெ லுபாக் 1944இல் நிறுவினார்.

பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இல் இவ்வுருவகத்தை மையமாக்கிச் சுற்றுமடல் வெளியிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஏற்ற திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் தொழுவம், வயல், கட்டடம், மணமகள் முதலிய படிமங்களை ஒருங்கே தொகுத்தது. ஆட்சி அமைப்பு பற்றிய இயலுக்கு முன்பாக 'இறைமக்கள்' என்னும் இயலை அது வைத்தமை குறிப்பிடத்தக்கது. தலையிலிருந்து உடலை விளக்கும் முறைக்கு மாற்றாக இவ்வைப்புமுறை அமைந்தது.

தமிழ் மண்ணில் உருவகம்

சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'சரீரம்', 'அவயவங்கள்' என்னும் சொற்களையும், 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'உடல்', 'உறுப்புகள்' என்னும் சொற்களையும் ஆள்கின்றன. 'எக்ளேசியா' என்பது கிரேக்க நகரில் உரிமைபெற்ற குடிகள் கூடும் அவையின் பெயர். அதற்கு ஈடாக வழங்கிய 'சபை' சோழர் கல்வெட்டுகளில் பிரமதேய ஊர்களின் அவையைக் குறித்தது. அடிமைக்கு இடமில்லாத அவையின் பெயர் அடிமையையும் உறுப்பாக்கிய கூட்டத்துக்கு வழங்கியது போலவே, வேளாளருக்கும் இடமில்லாத அவையின் பெயர் தமிழில் எல்லாருக்கும் உரிய கூட்டத்தின் பெயராயிற்று.

சொல் விரிந்த அளவுக்கு வழக்கம் விரியவில்லை. தரங்கம்பாடியில் 1718இல் திறக்கப்பெற்ற கோயிலுக்குத் திருவெளிப்பாட்டில் மணமகளாக உருவகிக்கப்படும் 'புதிய எருசலேம்' என்பதே பெயர். ஆயினும் அத்திருப்பணியைச் சார்ந்த சபைகளில் சாதிவாரியான இருக்கைமுறை நீடித்தது. கல்கத்தா ஆயர் தேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபைகளினின்று முற்றிலும் நீக்க ஆணையிட்டபோது தஞ்சை, சென்னைச் சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் சாதியை உலகியல் வழக்கமாகக் கொண்டு அதற்குச் சார்பாக எழுதினார்.

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் முரண் கட்டடமாகவே நின்றது. 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், பலிபீடத்தில் இணையும் இரு தனித்தனிக் கூடங்களைக் கொண்டிருந்தது. ஒன்றில் வேளாளர் முதலியோரும் மற்றதில் நாடாரும் அமர்ந்தனர். பலிபீடமும் அப்பமும் ஒன்றாக இருக்க, அவற்றை நோக்கி அமர்ந்தோரை ஒரு சுவர் பிரித்தது. 1910இல் சுவர் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தோரின் உரிமைக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கொரிந்தில் உணவு நேரத்தில் தோன்றிய பிரிவு வடக்கன்குளத்தில் சுவராக நின்றது எனலாம்.

முடிவுரை

உடல் என்னும் உருவகம் தன்னளவில் சமத்துவத்தையோ அடக்குமுறையையோ சார்ந்ததன்று. அகரிப்பாவின் கதையில் அது கீழ்ப்படிதலையும், கொரிந்தியர் திருமுகத்தில் எளியோரின் மதிப்பையும், 1302இன் ஆணையில் ஆட்சியுரிமையையும் உணர்த்தியது. வருண வகுப்புகளை உறுப்புகளாகக் காணும் பழைய உடற்படிமம் நிலவிய மண்ணில், உறுப்புகள் பல என்பதை வேறுபாட்டுக்குச் சான்றாகக் கொள்வது எளிதாயிற்று. இழிந்ததெனக் கருதப்படும் உறுப்புக்கே மிகு மதிப்பு என்னும் பகுதி மறக்கப்பட்டது. ஆகவே விவிலிய உருவகங்களைத் தமிழில் ஆராய்வோர் சொல்லாட்சியோடு அமைந்துவிடாது, அச்சொல் ஒலித்த கோயிலின் இருக்கைமுறையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். உருவகம் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்பதை அவ்விருக்கைகளே தெளிவாக உணர்த்துகின்றன.