பெரிய கண்ணாடிகள்: அழகுக்கும் மறைப்புக்கும் நடுவே

நோன்புப் பெருநாள் பின்னேரம் கிண்ணியாப் பாலத்தில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். புது உடுப்புப் போட்ட சிறுவர்கள் முகத்தில் பாதியை மூடும் கூலிங் கிளாஸுடன் வருவார்கள். பெருநாள் காசில் வாங்கியது. மூக்கில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடை. அவர்களுடைய அக்காமார் அகன்ற வட்டப் பிரேம் போட்டு, கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தக் கண்ணாடிகளில் பலவற்றுக்குப் பவரே கிடையாது.

396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபர் 20இல். அதற்கு முன்னர் படகுப் பாதைக்குக் காத்திருந்துதான் அக்கரைக்குப் போகவேண்டும். சோதனைச் சாவடிகளின் காலமும் அதுவே. முகத்தை மறைக்கும் எதுவும் அப்போது சந்தேகத்தை வரவழைக்கும்; கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்போம். இன்றைக்குப் பாலத்தின் நடுவில் நின்று அதையே போட்டுச் சிரிக்க முடிகிறது என்பது எனக்குச் சின்ன விடயமாகப் படவில்லை.

பார்வைக்காக அல்லாமல் பகட்டுக்காகக் கண்ணாடி போடுவது டிக்டொக் கொண்டுவந்த பழக்கம் என்று பெரியவர்கள் திட்டுவதுண்டு. அது மிகவும் பழையது. பிரான்ஸைச் சேர்ந்த எழுத்தாளர் மதாம் தொல்னுவா 1691இல் வெளியிட்ட ஸ்பெயின் பயணநூலில், அந்நாட்டு இளம்பெண்கள்கூடப் பெரிய கண்ணாடி அணிந்திருந்ததாக எழுதியிருக்கிறார். காரணம் கேட்டபோது, கம்பீரமாகத் தெரிவதற்காக என்று பதில் கிடைத்ததாம். பதவி உயர உயரக் கண்ணாடியும் பெருக்குமாம்; உயர்குடிப் பிரபுக்கள் உள்ளங்கை அளவுக்கு அணிந்தார்கள் என்கிறார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

1917இல் நகைச்சுவை நடிகர் ஹரோல்ட் லொயிட் வில்லையே இல்லாத வட்டப் பிரேமுடன் திரையில் தோன்றினார். அதைப் பார்த்து அமெரிக்க இளைஞர்கள் தடித்த பிரேம்களைத் தேடத் தொடங்கினார்கள். 1929இல் சாம் ஃபொஸ்டர் அட்லாண்டிக் சிட்டிக் கடற்கரையில் மலிவான வெயில் கண்ணாடிகளை விற்க ஆரம்பித்தார். 1961இல் வெளியான படமொன்றில் ஓட்ரி ஹெப்பர்ன் அணிந்த பெரிய கறுப்புக் கண்ணாடி இன்றும் பிரதி செய்யப்படுகிறது. ஆனால் முகத்தையே விழுங்கும் அளவுக் கண்ணாடியுடன் உலகம் நினைவு வைத்திருப்பது ஜக்குலின் கென்னடி ஒனாசிஸைத்தான். கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டவர் அவர். அதன் பிறகு புகைப்படக்காரர்கள் துரத்தாத தெரு அவருக்கு இருக்கவில்லை. அந்தக் கண்ணாடியை உலகம் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. மு. கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் விபத்தில் பாதிக்கப்பட்ட கண் இருந்தது. பிற்காலத்தில் அது இல்லாமல் அவரை வரையவே முடியாது என்றாகிவிட்டது.

பெரிய பிரேம் ஏன் கவர்கிறது? பக்கத்தில் பெரிய பொருள் இருந்தால் முகம் சிறிதாகத் தெரியும். கண்ணடிக் கருமையும் தூக்கமின்மையும் மறையும். முக்காடு அணியும் பெண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: தோடும் சங்கிலியும் வெளியே தெரியாதபோது, தெரிகின்ற ஒரே நகை கண்ணாடிதான்.

இந்த மோகம் செய்த நல்லதையும் சொல்லவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் பெயர் ‘சோடாப் புட்டி’. கலியாணப் பேச்சு வந்தால் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றிவைத்த வீடுகள் உண்டு. கரும்பலகை தெரியாமலே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைகளும் உண்டு. இப்போது பவர் இல்லாதவர்களே ஆசைப்பட்டு அணிவதால், பவர் உள்ள பிள்ளைக்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

போரில் ஷெல் சிதறலாலும் மிதிவெடியாலும் ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு இது இன்னும் ஆழமானது. முன்பு கறுப்புக் கண்ணாடி போட்டால் ‘என்ன நடந்தது?’ என்ற கேள்வி வரும். எல்லோரும் பெரிய கண்ணாடி போடும் ஊரில் அந்தக் கேள்வி வருவதில்லை. செயற்கைக் கண் பொருத்தியவர்களுக்கு மேல் விளிம்பு தடித்த, இலேசாக நிறமூட்டிய பெரிய பிரேம் நன்றாகப் பொருந்தும். இமைக்கு மேலுள்ள பள்ளத்தை அது மறைக்கும். செயற்கைக் கண் சிறிதாகவோ உள்வாங்கியோ தெரிந்தால் அந்தப் பக்கத்துக்குப் பிளஸ் வில்லை போட்டுப் பெரிதாகக் காட்டலாம். பெரிதாகத் தெரிந்தால் மைனஸ் வில்லை. கண் வைத்தியரிடமும் கண்ணாடிக் கடையிலும் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது மிஞ்சிய கண். ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள், அந்தக் கண்ணுக்குப் பவர் தேவைப்படாவிட்டாலும், பொலிகார்பனேட் வில்லை அணிவது நல்லது. சாதாரணக் கண்ணாடி வில்லையைப்போல அது எளிதில் நொறுங்காது. மேசன் வேலை, விறகு கொத்துதல், புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றுக்குப் பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும்.

இனி நடைபாதைக் கடையின் கறுப்புக் கண்ணாடி. கறுப்பு நிறம் வேறு, புறஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. வில்லை இருண்டிருந்தால் கண்மணி விரியும். கதிரைத் தடுக்கும் தன்மை வில்லையில் இல்லாவிட்டால் விரிந்த கண்ணுக்குள் கூடுதல் கதிர் போகும். ‘யூவி 400’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆனால் அந்த ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். நம்பிக்கையான கண்ணாடிக் கடைகளில் அளந்து பார்க்கும் சிறு கருவி இருக்கும். சிறுவருக்கு விளையாட்டுக் கண்ணாடி பெருநாள் ஒருநாளோடு போதும்.

கடலிலும் வயலிலும் நிற்பவர்களுக்குக் கண்ணின் மூக்குப்பக்கம் சதை வளர்வதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். நீண்டகால வெயில் அதற்கு முக்கிய காரணம். பக்கவாட்டில் நுழையும் ஒளி கருவிழியினூடாக வளைந்து அந்த மூக்குப்பக்க ஓரத்தில் குவிகிறது என்று அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் மினாஸ் கொரோனியோ விளக்கியிருக்கிறார். ஆகவே கன்னத்தோடு ஒட்டிவரும் பெரிய கண்ணாடி மீனவருக்கு அலங்காரம் அல்ல. தொப்பியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

பவர் கூடிய மைனஸ்காரர்களுக்கு மட்டும் பெரிய பிரேமில் ஒரு சிக்கல். இந்த வில்லை நடுவில் மெல்லியது, ஓரத்துக்குப் போகப்போகத் தடிக்கும். பிரேம் அகன்றால் தடித்த ஓரம் வெளியே தெரியும், பாரம் மூக்கை அழுத்தும். வில்லையின் மையமும் கண்மணியும் ஒரே நேரில் வராவிட்டால் தலையிடி வரும். பிரேமை முகத்தில் போட்டபடியே கண்மணிகளுக்கிடையிலான தூரத்தை அளக்கச் சொல்லுங்கள்.

வாங்கியதைக் கழுவாமல் முந்தானையால் துடைக்காதீர்கள். பொலிகார்பனேட் எளிதில் உடையாது, ஆனால் எளிதில் கீறும். எங்கள் கரையில் காற்றோடு உப்பும் மணலும் வரும். முதலில் தண்ணீர், பிறகு மெல்லிய பருத்தித் துணி.