மூச்சை மீட்கக் கற்றவர்கள்

ஹெராயினை அளவுக்கு மீறி உட்கொண்ட ஒருவர் எதனால் இறக்கிறார் தெரியுமா? நஞ்சு இதயத்தைத் தாக்கி நிறுத்திவிடுகிறது என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அது காரணமன்று. மூச்சு விடாமல்தான் இறக்கிறார். மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம், இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதை உணர்ந்து, நாம் உறங்கும்போதும் சுவாசத் தசைகளை இயக்கிக்கொண்டே இருக்கிறது. அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபீனும், மார்ஃபீனிலிருந்து செய்யப்படும் ஹெராயினும் இந்த உணர்வை மழுங்கச் செய்கின்றன. மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, பிறகு மூச்சு நிற்கிறது. ஹெராயினைப் பொறுத்தவரை இது நொடியில் முடிவதில்லை. பல சமயங்களில் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. அதற்குள் யாராவது தக்கது செய்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

அந்தத் தக்க மருந்தின் வரலாறு பழையது. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் யூலியஸ் போல் என்பவர், கோடீன் மூலக்கூறைச் சற்றே மாற்றினால் அது மார்ஃபீனின் சுவாசத் தடையை எதிர்க்கிறது என்று 1915இல் கண்டார். அடுத்த கால் நூற்றாண்டு இதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1961இல் நியூயார்க்கில் ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவென்ஸ்டைனும் நலாக்சோன் என்ற பொருளுக்குக் காப்புரிமை கோரினர். பூட்டுக்குள் நுழையும், ஆனால் பூட்டைத் திறக்காத சாவி போன்றது இது. மார்ஃபீன் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்து அதை வெளியே தள்ளிவிடும். தானாக எந்தப் போதையும் தராது. 1971இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. 1973இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய நலாக்சோனைக் கொண்டே, மூளையில் அந்தப் 'பூட்டுகள்' உண்மையில் இருப்பதைக் காட்டினர். உயிர் காக்கும் மருந்தே ஆய்வுக் கருவியாகவும் ஆனது. இயற்பியல் மாணவர்கள் இதைச் சற்று நின்று கவனிக்கலாம்.

ஆனால் மருந்து ஆஸ்பத்திரியிலும் ஆம்புலன்சிலும் இருந்தது. மயங்கிக் கிடப்பவர் அருகில் இருந்தவரோ தாயோ நண்பரோதான். 1996இல் சிகாகோவில் ஒரு தொண்டு அமைப்பு போதை மருந்து பயன்படுத்துவோர் கையிலேயே நலாக்சோனைக் கொடுக்கத் தொடங்கியது. அது ஊக்கம் கொடுப்பதாகும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. போதை சிகிச்சை நிலையங்கள் பலவற்றிலும் தயக்கம் இருந்தது: போதையை விடு என்று சொல்லும் இடத்தில், மறுபடி எடுத்தால் என்ன செய்வது என்று எப்படிப் பேசுவது?

இந்தத் தயக்கத்துக்கு ஓர் எண்ணிக்கை விடை சொன்னது. லண்டனில் உள்நோயாளிகளாக இருந்து சிகிச்சை பெற்ற 137 பேரை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் 37 பேர். முதல் நான்கு மாதங்களுக்குள் அளவு மீறி இறந்தவர்கள் மூவர். அந்த மூவரும் இந்த 37 பேரைச் சேர்ந்தவர்கள்! பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவர்கூட அவ்வாறு இறக்கவில்லை. எண்கள் சிறியவைதாம், ஆனால் காரணம் தெளிவானது. தொடர்ந்து எடுப்பவர் உடல் மருந்துக்குப் பழகியிருக்கிறது. சில வாரங்கள் விட்டால் அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. முன்பு தாங்கிய அதே அளவு இப்போது கொல்கிறது. அதே 2003இல் ஃபிஷ்மனின் மனைவியின் மகனும் ஹெராயின் அளவு மீறி இறந்தார். மருந்தைக் கண்டவர் வீட்டிலேயே அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே கற்பிக்க வேண்டிய இடம் சிகிச்சை நிலையமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2007 முதல் அரசின் ஆதரவுடன் இது நடந்தது. சில நிலையங்களில் சொந்த ஊழியரே கற்பித்தனர். சிலவற்றில் வெளியாட்கள் வந்து கற்பித்தனர். ஊழியரில் பலர் டாக்டரோ நர்சோ அல்லர், ஆலோசகர்கள். அதனால் ஊசிக்குப் பதில் மூக்கில் தெளிக்கும் முறை வந்தது பெரிய உதவி.

அவர்கள் கற்றது என்ன? முதலில் அடையாளம்: குண்டூசித் தலை போல் சுருங்கிய கண்மணி, எழுப்பினாலும் எழாமை, தொண்டையில் கரகரப்பு. அடுத்து, செய்யக்கூடாதவை. குளிர்ந்த நீரில் முக்குவதும் பால் அல்லது உப்புநீரை ஊசியில் ஏற்றுவதும் தெருவில் வழங்கிவந்த தவறான வைத்தியங்கள். பிறகு உதவிக்கு அழைத்தல், நலாக்சோன், ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுதல். இந்த ஊதுதலை அற்பமாக எண்ணாதீர்கள். மருந்து வேலை செய்யும் வரை மூளைக்குப் பிராணவாயு கொடுப்பது அதுதான். இறுதியாக, விழித்தவுடன் விட்டுப் போகக்கூடாது. நலாக்சோன் 30 முதல் 90 நிமிடங்களே நிற்கும். மெதடோன் போன்றவை ஒரு நாளுக்கு மேலும் உடலில் இருக்கும். முன்னது தீர்ந்ததும் பின்னது மீண்டும் மூச்சை அடக்கலாம். விழித்தவர் நன்றி சொல்லமாட்டார் என்பதையும் ஊழியருக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. மருந்து முறிந்த வேதனையில் அவர் கோபத்தோடுதான் எழுவார்.

மாசசூசெட்ஸின் 19 ஊர்களில் 2002 முதல் 2009 வரையிலான கணக்கு 2013இல் வெளியானது. பயிற்சி பெற்றோர் 2,912 பேர்; அவர்கள் தெரிவித்த மீட்புகள் 327. ஒரு லட்சம் பேருக்கு 100 பேருக்கு மேல் பயிற்சி பெற்ற ஊர்களில், பயிற்சியே இல்லாத ஊர்களைவிட இத்தகைய மரண விகிதம் 46 சதவீதம் குறைவு. பயிற்சி அதனினும் குறைவாக நடந்த ஊர்களில் 27 சதவீதம் குறைவு.

பின்னர் ஃபென்டனில் பரவியது. அது மூச்சை அடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதில்லை, சில நிமிடங்கள் போதும். 2015இல் 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பானும், 2023 மார்ச்சில் டாக்டர் சீட்டில்லாமல் அதைக் கடையில் வாங்கும் அனுமதியும் அமெரிக்காவில் வந்தன.