பொற்பல்லக்கும் இரும்புப் பல்லக்கும்

மாற்றாந்தாய் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுபவள் கைகேயி. தன் மகன் அரசாளும் பொருட்டு மூத்தாள் மகனைக் காட்டுக்கு அனுப்பியவள் என அவளைத் தூற்றுதல் மரபாகிவிட்டது. ஆயின், மகப்பேறற்ற ஒரு மாற்றாந்தாய், கணவன் மறைந்தபின் எந்நிலையில் நின்றாள்? இவ்வினாவுக்குக் கண்டி இராச்சியத்தின் வரலாறு விடை தருகின்றது.

கண்டி அரியணைக்கு உரியவன் தாய்வழியாலும் தந்தைவழியாலும் அரசகுலத்தவனாதல் வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு. எனவே பதினேழாம் நூற்றாண்டு முதல் கண்டி மன்னர் மதுரை நாயக்கர் வழிப் பெண்களை மணந்து பட்டத்தரசியராக்கினர். இவர்கள் ‘ரன்தோலி’, அஃதாவது பொற்பல்லக்குக்கு உரியோர் எனப்பட்டனர். மன்னர் கொண்ட உள்நாட்டுப் பிரபுகுலப் பெண்களோ ‘யக்கடதோலி’, அஃதாவது இரும்புப் பல்லக்குக்கு உரியோர் எனப்பட்டனர். பல்லக்கின் வேற்றுமை பிள்ளைகளின் தலைவிதியையும் வகுத்தது.

1707 முதல் ஆண்ட நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தான். பட்டத்தரசி வயிற்றில் அவனுக்கு வாரிசு இல்லை. உள்நாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த உனம்புவே பண்டார என்னும் மகன் இருந்தான். பிரதானிகள் சிலர் அவனை ஆதரித்தனர். எனினும் அரியணை ஏறியவன் பட்டத்தரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய இராஜசிங்கனே. அவனுக்கு ஆசானாக விளங்கிய வெலிவிட்ட சரணங்கர தேரரின் ஆதரவு அவனுக்குப் பெருந்துணையாயிற்று. நம் உறவுமுறைப்படி நோக்கின், மாற்றாந்தாயின் உடன்பிறந்தானும் மாமனே. தந்தையின் இருக்கையை மகன் இழக்க, மாமன் பெற்றான்.

இது தனி நிகழ்ச்சியன்று. 1747இல் விஜய இராஜசிங்கன் இறந்தபோது, அவன் மனைவியின் உடன்பிறந்தானாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அரசனானான். 1782இல் கீர்த்தி ஸ்ரீ மறைந்தபோது, மாம்பிட்டியக் குடும்பத்துப் பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த புதல்வர்கள் ஒதுக்கப்பட்டு, அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் முடிபுனைந்தான். 1798இல் இவனும் பிள்ளையின்றி இறந்தான். முதல் அதிகார் பிலிமத்தலாவை, கைம்பெண்ணான அரசியின் சகோதரி மகனாகிய கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்னும் பெயரில் அரசனாக்கினான். நான்கு அரசுரிமை மாற்றங்களுள் மூன்று கைம்பெண்ணின் பிறந்தகத்து வழியே நிகழ்ந்தமை கருதற்பாலது.

அப்பிறந்தகமும் பிளவுண்டது. அரசியின் உடன்பிறந்தான் முத்துசாமி தனக்கே உரிமை உண்டெனக் கூறிப் பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தான். 1803இல் அவர்கள் கண்டியைக் கைப்பற்றி அவனை அரசனாக்கினர். அவ்வாண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை பணிந்தபோது முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொலையுண்டான். மாமனும் மருமகனும் ஒரே அரியணைக்குப் போட்டியிட்டதன் விளைவு இது. 1815இல் இராச்சியமே பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு இறுதி மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் ஆங்கே இறந்தான்.

இவற்றுக்கெல்லாம் மாற்றாந்தாயின் சூழ்ச்சியே காரணம் எனல் எளிது, நேர்மையன்று. 1739இல் கைம்பெண்ணாகிய அரசியை எண்ணிப் பார்ப்போம். கடல் கடந்து வந்தவள்; மகவற்றவள். உனம்புவே அரசனாகியிருப்பின், அரண்மனையில் அவள் யாருடைய தாய்? உடன்பிறந்தானே அவளுக்கு எஞ்சிய அரண் என்று கருத இடமுண்டு. மறுபுறம், தந்தையின் குருதியைக் கொண்டிருந்தும் தாயின் பல்லக்கால் தாழ்த்தப்பட்ட மகனின் துயரும் பொய்யன்று. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அவர்தம் மனமன்று. ஒரு தாயைப் பொன்னாகவும் மற்றொரு தாயை இரும்பாகவும் மதித்த விதியே. அவ்விதியை வகுத்தோர் அப்பெண்கள் அல்லர்.

அரண்மனைக்கு நேர்ந்தது குடிசைக்கும் நேரும். குடும்பத் தலைவன் மறைந்த வீடுகளில் மாற்றாந்தாய்க்கும் மூத்தாள் பிள்ளைக்கும் வழக்கு எழுங்கால், யார் தீயவர் என வினவுதற்கு முன், அவர்களைப் பகைவராக்கிய வழக்கம் யாதென வினவுதல் வேண்டும். கைகேயிக்கும் அந்நீதி உரியதே.