மணலில் எழுதிய இலக்கணம்



பிள்ளையின் நோட்டைத் திறந்து, கடைசித் தாளில் ஒரு மாட்டையும் ஒரு மரத்தையும் கண்டால், நம் வீடுகளில் எழுகின்ற முதற்சொல், "படிக்க அனுப்பினால் படம் போடுகிறாயா?" என்பதுதான். விடியுமுன் பிரட்டுக்கு ஓடி, பால் வெட்டிச் சேர்த்த காசில் அந்த நோட்டை வாங்கிக் கொடுத்தவர்களுக்குக் கோபம் வருவது இயற்கையே. ஆயினும், தமிழர் எழுத்தறிந்த வரலாற்றில் படம் போடுவதும் படிப்பதும் எந்நாளும் பகையாக இருந்ததில்லை.

நம் மொழியே அதற்குச் சாட்சி. ஓவியத்தை 'எழுதினார்கள்' என்றுதான் பழைய நூல்கள் சொல்லும். கண்ணுக்கு மை தீட்டுவதும் எழுதுவதுதான். கையால் கோடு இழுப்பது எல்லாவற்றுக்கும் நம் முன்னோரிடம் ஒரே சொல் இருந்தது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, உரக்கச் சொல்லிப் படித்தார்கள். தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் புதுப்பலகை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, இப்படித்தான் மணலில் எழுதித் தமிழ் கற்றார்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1789இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் அவர் நம்மவர் பள்ளியொன்றைக் கடந்து போகையில், பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். உடனே தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கோ அது பிடிக்கவில்லை. பெல் வாதாடவில்லை. பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான்.

பெல் 1796இல் நாடு திரும்பி, மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் தம் பள்ளியில் மணற்பலகையைக் கைக்கொண்டார். காகிதம் வாங்க வழியில்லாத ஆங்கிலேய ஏழைப் பிள்ளைகள் நம் திண்ணை வழக்கத்தால் எழுதப் படித்தார்கள். அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வந்தது. புகழ் முழுவதும் பெல்லுக்குப் போயிற்று. மணலில் எழுதிக் காட்டிய வாத்தியாரை யார் நினைத்தார்கள்!

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவில் 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கிற்று. பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்று ஊன்றினார்கள். பின்னர் ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓரினத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் கட்டடத்தைக் கேட்டதே தவிர, நல்ல கல்வியைக் கேட்கவில்லை என்பது என் எண்ணம். பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர். சில இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியார். ஒரு கொட்டகையில் பல வகுப்பு. அங்கே இலக்கணம் மனப்பாடமாக இருந்ததில் வியப்பென்ன? 1983இல் நாடெங்கும் வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம்தான் படத்துக்கும் விளையாட்டுக்கும் வகுப்பில் முறையாக இடம் தந்தது.

படம் எப்படி இலக்கணம் சொல்லும்? வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒருவர் வாக்கியம் சொல்லட்டும், மற்றவர் வரையட்டும். "பாம்பு தவளையை விழுங்கியது." எளிது. இப்பொழுது, "பாம்பைத் தவளை விழுங்கியது." பிள்ளை சிரிக்கும், சிரித்துக்கொண்டே தவளைக்குப் பெரிய வாயும், அதிலிருந்து தொங்கும் வாலும் வரையும். 'ஐ' என்ற ஒரே உருபு, தின்றவனைத் தின்னப்பட்டவன் ஆக்கிவிட்டது. இரண்டாம் வேற்றுமை செயப்படுபொருளைக் காட்டும் என்பதைப் பத்துமுறை ஒப்பித்தாலும் இவ்வளவு தெளிவு வராது.

இன்னும் நுட்பமானது ஒன்று. "கிராணி வேலை கொடுத்தார்." பிள்ளை வாளியும் உளியும் வரையும். அடுத்து, ஒரே ஒரு 'க்' சேர்த்து, "கிராணி வேலைக் கொடுத்தார்" என்று எழுதிக் காட்டுங்கள். வாளியை வரைந்தால் தவறு. இங்கே 'வேல்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்திருக்கிறது. உருபு வெளிப்பட நின்றால் பின்வரும் வல்லினம் மிகும். 'வேலை கொடுத்தார்' என்னும்போது உருபு மறைந்திருப்பதால் மிகாது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைக்கு வேல் வரைய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராணியின் கையில் வேல் இருப்பதைப் பார்த்து, வீடே சிரிக்கும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பள்ளிகள் சில நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தன. தாய்தந்தையர் இருவரும் தொழிற்சாலைக்குப் போகும் வீடுகளில், மாலையில் பிள்ளையோடு தமிழ் பேசக் கிடைப்பது அரைமணி நேரமே. அந்த அரைமணிக்குப் புத்தகம் வேண்டாம். வாசல் மணலும் ஒரு குச்சியும் போதும். வாக்கியத்தை இம்முறை பிள்ளை சொல்லட்டும், நீங்கள் வரையுங்கள். உங்கள் மாடு நாய்போல் இருந்தாலும் குறையில்லை. அதன் கழுத்திலுள்ள கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.